கடிக்கிற முயலை என்ன செய்வது?

முயல் என்றால் சாது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பயந்தவனைப் பார்த்து "முயல் மாதிரி இருக்கான்" என்று சொல்வதும் அதனால்தான். ஆனால் முயல் வளர்த்துப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள். பிள்ளையின் ஆசைக்காகச் சந்தையில் வாங்கி வந்த வெள்ளைக் குட்டி முதல் இரண்டு மாதம் மடியில் படுத்து நித்திரை கொள்ளும். நாலாம் மாதம், ஐந்தாம் மாதம் ஆனதும் கூட்டுக்குள் கையை விட்டால் உறுமும், பாயும், முன்காலால் அறையும். ஒருநாள் பிள்ளையின் விரலைப் பிடித்து இரத்தம் வரக் கடித்தும் விடும். "சனியன், இதுக்குப் பேய் பிடிச்சிருச்சு" என்று வீட்டில் ஒரு தீர்ப்பு வரும். அன்று மாலையே முயல் சட்டிக்குப் போகும், இல்லாவிட்டால் தோட்டத்து வேலிக்கு அப்பால் விடப்படும். கூட்டில் வளர்ந்த முயலுக்கு வெளியே ஓடி ஒளியத் தெரியாது. விடியுமுன் நாயோ கீரியோ பிடித்துவிடும். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் அழும்.

முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் ஆடு, கோழி வளர்ப்பதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். முயலைப் பற்றிச் சொல்லுவாரில்லை. ஆகவே இம்முறை கடிக்கிற முயலைப் பற்றிய பாடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். முயல் கடிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காரணம் தெரிந்தால் பெரும்பாலான முயல்களை வழிக்குக் கொண்டுவரலாம்.

இரண்டு முயலும் ஒன்றல்ல

களப்பு ஓரத்துப் பற்றைகளில் ஓடுகிற, பிடரியில் கறுப்பு மயிர் உள்ள காட்டு முயலையும் நாம் கூட்டில் வளர்க்கும் முயலையும் தமிழில் ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். இரண்டும் வேறு வேறு இனம். காட்டு முயல் வளை தோண்டாது, தனியாகத் திரியும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பெல்லாம் மயிரோடு இருக்கும். வீட்டு முயலின் பூர்வீகம் ஐரோப்பா, அதிலும் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம். அது நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த பிராணி. குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். கண் திறக்க ஏறக்குறையப் பத்து நாள் செல்லும். பற்றையில் கண்ட காட்டு முயல் குட்டியைப் பிடித்து வந்து வளர்க்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேணாம், அது பழகாது, பயத்திலேயே செத்துப்போகும்.

வளையில் கூட்டமாக வாழ்கிற பிராணிக்குச் சில சட்டங்கள் உண்டு. வேல்ஸ் நாட்டில் ஆர். எம். லொக்லி என்பவர் முயல்களை வருடக்கணக்காகக் கவனித்து 1964இல் ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு வளைக்கும் ஒரு தலைமை ஆணும் தலைமைப் பெண்ணும் இருப்பதையும், அவை தங்கள் இடத்துக்குள் அந்நியரை விடாமல் துரத்துவதையும் அவர் காட்டினார். அவுஸ்திரேலியாவில் மிக்கிற்றோவிச் என்ற விஞ்ஞானி அதே காலத்தில் இன்னொன்றைக் கண்டார். முயலின் தாடைக்குக் கீழே ஒரு வாசனைச் சுரப்பி உண்டு. தலைமை முயலுக்கு அது பெரிதாக இருக்கும். அதைக் கொண்டு கல், வேர், புல் என்று எல்லாவற்றிலும் உரசி "இது என் இடம்" என்று அடையாளம் வைக்கும். உங்கள் வீட்டு முயல் தண்ணீர்ச் சட்டியிலும் கூட்டுக் கதவிலும் தாடையைத் தேய்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சுகிறது என்று நினைத்திருப்பீர்கள். அது உறுதி எழுதுகிறது!

இப்போது யோசித்துப் பாருங்கள். நாம் கொடுத்த கூடு இரண்டடிக்கு மூன்றடி. அதுதான் அதன் முழு உலகம். அதற்குள் தினமும் ஒரு பெரிய கை மேலிருந்து இறங்கி, சாப்பாட்டுப் பாத்திரத்தை இழுத்து, அது கஷ்டப்பட்டு வைத்த வாசனையைக் கழுவி விட்டுப் போகிறது. நம் லயத்துக் காம்பிராவுக்குள் யாராவது கேட்காமல் நுழைந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா?

முதலில் நோயைப் பாருங்கள்

இது எல்லாவற்றுக்கும் முந்திச் செய்ய வேண்டியது. நேற்றுவரை நல்லாயிருந்த முயல், வளர்ந்த முயல், இன்று திடீரென்று கடிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முயல் நாயைப்போலக் கத்தி அழாது. இரையாகப் பிறந்த பிராணி வலியை மறைக்கும். தொட்டால் மட்டும் கடிக்கும்.

வாயைப் பாருங்கள். முயலின் முன்பல் சாகும்வரை வளரும். வாரத்துக்கு 2 மில்லிமீற்றர் அளவில் வளரும் பல், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். சோறும் பிஸ்கட்டும் பாணும் மட்டும் தின்கிற முயலுக்குப் பல் தேயாது. கடைவாய்ப்பல் கூர் பிடித்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வாய் நீர் ஒழுகி மோவாய் நனைந்திருந்தால் அதுதான் அடையாளம். காதுக்குள் பாருங்கள். தவிட்டு நிறத்தில் பொருக்குப் பொருக்காக இருந்தால் காதுச் செள்ளு. அந்தக் காதைத் தொட்டால் எந்த முயலும் கடிக்கும். பின்காலைத் தூக்கிப் பாதத்தைப் பாருங்கள். கம்பிவலைத் தரையில் நின்று நின்று மயிர் போய்ப் புண்ணாகி இருக்கலாம். தரைக்கு ரீப்பைச் சட்டம் அடித்து, ஒரு பக்கம் பழைய சாக்கோ காய்ந்த புல்லோ போட்டுவிட்டால் அந்தப் புண் வராது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலின் குளிசையை உடைத்து முயலுக்குக் கொடுக்காதீர்கள். ஆளுக்கு நல்ல மருந்து, முயலின் வயிற்றில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து அதைக் கொன்றே விடும். அதேபோல் நாயின் உண்ணிக்குப் பூசும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் போடவே கூடாது. காதுச் செள்ளுக்கு மிருக வைத்தியரிடம் ஊசி மருந்து இருக்கிறது, அது போதும்.

முயல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் மூலையில் குந்தியிருந்தால் கடியை மறந்துவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள். முயலுக்குக் குடல் நின்றால் நாளைக்குப் பார்ப்போம் என்பதற்கு நேரமில்லை.

வயதுக்கு வந்த முயல்

நோய் இல்லை என்றால் அடுத்த காரணம் வயது. மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முயல் பருவத்துக்கு வரும். ஆண் முயல் உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், மெல்ல உறுமும், சிறுநீரைப் பீச்சி அடிக்கும், காலைக் கட்டிப் பிடிக்கும், விலக்கினால் கடிக்கும். வீட்டில் இரண்டு ஆண் முயலை ஒரே கூட்டில் வைத்திருந்தால் இந்த வயதுக்குமுன் பிரித்து விடுங்கள். "ஒரு தாய்ப் பிள்ளைங்கதானே, சண்டை போடாது" என்று சொல்வார்கள். போடும். ஒன்று மற்றதன் விதைப்பையைக் கிழித்துவிடும் அளவுக்குப் போடும்.

பெண் முயல் இன்னும் கோபக்காரி என்பது எங்கள் எண்ணம். கூட்டைக் காப்பதில் ஆணைவிட அவளுக்குத்தான் அக்கறை. அதனால்தான் இனவிருத்திக்கு விடும்போது பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால் அடி வாங்கிக்கொண்டுதான் வரும். இன்னொரு விஷயம், பெண் முயலுக்குப் பொய்க் கர்ப்பம் வரும். இணை சேர்ந்தும் சினைப்படாவிட்டாலோ, இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலோகூட உடம்பு ஏமாந்துபோய் 16 நாள், 18 நாள்வரை சினை முயல்போல நடந்துகொள்ளும். வாயில் புல்லை அள்ளிக்கொண்டு ஓடும், நெஞ்சு மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டும், கிட்டப் போனால் பாயும். மருந்து தேவையில்லை. காய்ந்த புல்லைப் போட்டுவிட்டு அதன்பாட்டில் விடுங்கள், தானாகத் தணியும்.

உண்மையாகவே குட்டி போட்ட முயலின் கதைதான் நம் வீடுகளில் அதிகம் பிழையாகப் போவது. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். 28ஆம் நாளிலேயே ஒரு பெட்டி வைத்து உலர்ந்த புல் போட்டுவிட வேண்டும். குட்டி போட்டபின் தாய் பெட்டிக்குள் படுத்துக்கொண்டே இருக்காது. நாளுக்கு ஒரு தடவை, சிலவேளை இரண்டு தடவை, பெரும்பாலும் இருட்டில், மூன்று நான்கு நிமிடம் மட்டும் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். காட்டில் நரி மணம் பிடித்து வளைக்கு வராதிருக்க இறைவன் கொடுத்த புத்தி அது. இதை அறியாத நம்மவர்கள், "பகல் பூராவும் பார்த்தேன், தாய் கிட்டவே போகல்ல, பால் கொடுக்கல்ல" என்று தாயைப் பிடித்துக் குட்டிகள்மேல் அமத்துகிறார்கள். தாய் கடிக்கிறது. அதோடு நிற்காமல் மிரண்டுபோய்க் குட்டிகளை மிதிக்கிறது, சில வேளை தின்றும் விடுகிறது. பிறகு "குட்டி தின்னி முயல்" என்று அதற்குப் பட்டம்.

பால் குடித்ததா என்று அறியத் தாயைப் பிடிக்க வேண்டியதில்லை. தாயைக் கீரையைக் காட்டி வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, கையை அதன் கூட்டுப் புல்லில் தேய்த்துக்கொண்டு குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு திரண்டிருந்தால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி வயிறு ஒட்டியிருந்தால் மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள்.

காயடிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆண் முயலுக்குக் காயடித்தால் சண்டைக் குணம் பெரும்பாலும் குறையும். ஒரே நாளில் அல்ல, சில வாரங்கள் செல்லும். ஆறு வாரம்வரை பெண்ணோடு விட வேண்டாம், அதுவரை சினைப்படுத்தும் சக்தி மிச்சம் இருக்கலாம். பெண் முயலுக்குக் கருப்பையை எடுத்துவிட்டால் கோபமும் தணியும், மூன்று நான்கு வயதுக்குமேல் பெண் முயல்களுக்கு அதிகம் வரும் கருப்பைப் புற்றுநோயும் வராது. ஆனால் முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது பழக்கமுள்ள வைத்தியர் செய்ய வேண்டிய வேலை. பேராதனையில் மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது, கொழும்பில் தனியார் வைத்தியர்கள் இருக்கிறார்கள். முதலில் உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். கிடாய்க்குச் செய்வதுபோல வீட்டு முற்றத்தில் பிளேட்டை வைத்துக்கொண்டு யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இன்னொன்று, அறுவைக்கு முன்பு நாயைப் பட்டினி போடுவதுபோல முயலைப் போடக்கூடாது. முயலுக்கு வாந்தி வராது, வயிறு வெறுமையானால்தான் ஆபத்து.

கையை எங்கே நீட்டுவது

முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பின்னால் வருவதும் மேலே பறப்பதும் அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் மோவாய்க்குக் கீழும் இருப்பது மட்டும் தெரியாது. பிள்ளைகள் நாய்க்கு நீட்டுவதுபோல மூக்கடியில் விரலை நீட்டுகிறார்கள். எங்கிருந்தோ ஒன்று திடீரென்று மூக்கில் இடிக்கிறது, அது கடிக்கிறது. பக்கவாட்டில், அது பார்க்கும்படி கையைக் கொண்டுவந்து நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நடுவில் தடவ வேண்டும். அந்த இடம் முயலுக்குப் பிடிக்கும்.

மேலே மூடி திறக்கும் கூடு முயலுக்கு ஆகாது. மேலிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்துதான். கதவைப் பக்கத்தில் வையுங்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தை வெளியிலிருந்தே நிரப்பும்படி கொழுவி விடுங்கள். ஒரு மூலையில் மரப்பெட்டியோ மட்டைப் பெட்டியோ ஓட்டை போட்டு வைத்தால் அது ஒளிய இடமாகும். ஒளிய இடமுள்ள முயல் குறைவாகத்தான் கடிக்கும். கூடு கழுவுவது முயல் வெளியே உலாவும் நேரத்தில் நடக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழுவாமல் பழைய புல் ஒரு பிடியை மூலையில் விட்டுவிடுங்கள். அதன் வாசனை அங்கே இருந்தால் அதற்கு மனம் ஆறும்.

காதைப் பிடித்துத் தூக்குவது இன்னும் நம்மிடம் இருக்கிறது. அது வதை. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்புறத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். முயலின் எலும்பு அதன் உடல் நிறையில் நூற்றுக்கு 8 பங்குதான். பூனைக்கு 13. ஆனால் பின்காலில் பலம் அதிகம். பின்புறம் தொங்கும்படி பிடித்தால் ஓங்கி உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் முயலைத் தூக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பாயில் இருந்துகொண்டு, முயல் பக்கத்தில் வரும்போது தடவட்டும்.

ஏற்கெனவே கடிக்கப் பழகிய முயலைத் திருத்தப் பொறுமை வேண்டும். அடிக்கக் கூடாது, ஈர்க்குக் கட்டால் தட்டவும் கூடாது. அடித்தால் கையைப் பகையென்று உறுதியாக்கிக்கொள்ளும். அது பாயும்போது கையை வெடுக்கென்று இழுப்பதும் நல்லதல்ல. பாய்ந்தால் கை போய்விடும் என்ற பாடத்தை நாமே சொல்லிக் கொடுத்ததாகும். தடித்த முழுக்கை சேட்டு, காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அடைத்த முற்றத்திலோ அறையிலோ அதை வெளியே விட்டுவிட்டு நீங்கள் நிலத்தில் உட்காருங்கள். அதைப் பார்க்காமல் உங்கள் வேலையைப் பாருங்கள், கீரை ஆயலாம், தேங்காய் துருவலாம். பக்கத்தில் வற்றாளைக் கொடியோ முருங்கையிலையோ கொஞ்சம் வையுங்கள். முதல் நாள் தூரத்திலிருந்து பார்க்கும், பின்காலால் தரையில் 'டொக்' என்று அடிக்கும், அது அபாய அறிவிப்பு. மூன்றாம் நாலாம் நாள் வந்து முகர்ந்துவிட்டு ஓடும். பிறகு கையிலிருந்து தின்னும். தின்னும்போது நெற்றியில் ஒருமுறை தடவிவிட்டு நிறுத்துங்கள். நாளுக்குக் கால் மணித்தியாலம், இரண்டு மூன்று வாரம். சில முயலுக்கு இரண்டு மாதமும் பிடிக்கும். மெல்லக் கடித்துப் பார்த்தால் "ஈ" என்று ஒருமுறை கூர்மையாகச் சத்தமிடுங்கள். முயல்கள் தங்களுக்குள் வலித்தால் எழுப்பும் சத்தம் அதுதான், அதற்கு விளங்கும்.

வெயில், தண்ணீர், பசி

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி செய்யும் நிலையங்களைக் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரிலும் நீலகிரியில் சாண்டிநல்லாவிலும்தான் வைத்திருக்கிறார்கள். காரணம் குளிர். முயலுக்குச் சுகமான வெப்பம் 15 முதல் 20 பாகை. 30க்கு மேலே போனால் தவிக்கும். பங்குனி, சித்திரையில் முந்தல் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கு வேர்வை வராது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். தகரக் கூரைக்குக் கீழே வேகும் முயல் எரிச்சலில் கடிப்பது ஆச்சரியமா? கிடுகு வேய்ந்து, தென்னை நிழலில், காற்றுப் படும்படி கூட்டை வையுங்கள். நடுப்பகலில் சாக்கை நனைத்து ஒரு பக்கம் தொங்க விடுங்கள். மூச்சு வாங்கி நீட்டிப் படுத்திருந்தால் காதில் தண்ணீரைத் தடவுங்கள். குளிர்ந்த தண்ணீரில் தூக்கிப் போடாதீர்கள்.

களப்புப் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் சவர். நீங்கள் குடிக்காத தண்ணீரை முயலுக்கும் வைக்காதீர்கள். சிரட்டையில் வைத்தால் தட்டிக் கொட்டிவிடும், பாரமான மண்சட்டி நல்லது. சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கட்டும், கினியாப் புல் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. இப்பில் இப்பில் இலை அதிகமானால் மயிர் கொட்டும். காலையில் ஒரு பிடி புண்ணாக்கைப் போட்டுவிட்டுப் பின்னேரம்வரை வெறும் கூட்டில் விட்டால், பின்னேரம் கதவைத் திறக்கும் கை சாப்பாடா பகையா என்று பார்க்க அதற்கு நேரம் இருக்காது.

கடிபட்டால்

காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். பிறகு அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, ஏற்பூசி போட வேண்டுமா என்று கேளுங்கள். முயல் கடியால் விசர்நோய் வருவது மிக மிக அரிது. ஆனால் அந்த முயலை அண்மையில் நாயோ கீரியோ மரநாயோ கடித்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். பிள்ளை அடி விழும் என்று பயந்து கடியை ஒளித்துவிடாதபடி, கடித்ததற்காகப் பிள்ளையை ஏசாதீர்கள்.

எல்லாம் செய்தும் மாறாத முயல் ஒன்றிரண்டு இருக்கும். அதில் குட்டி எடுக்க வேண்டாம், தாயின் குணம் குட்டிக்கும் வரும். பெரியவர்கள் மட்டும் சாப்பாடு போடட்டும், பிள்ளைகளுக்கு இன்னொரு சாதுவான முயல் இருக்கட்டும். வைத்தியரிடம் கொண்டுபோவதென்றால் வெயில் ஏறுமுன் முதல் பஸ்ஸில் போங்கள். மூடியுள்ள பிரம்புக் கூடையில் அடியில் சாக்கும், அது வழக்கமாகத் தின்கிற புல் ஒரு பிடியும் போட்டு, மேலே ஒரு துணியால் மூடிவிட்டால் வழி நெடுகச் சத்தமில்லாமல் வரும்.